விண்ணின் பார்வையும் தோணியின் பார்வையும்

பழவேற்காட்டில் பவளப்பாறைகள் இல்லை. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் சுவர்ணமுகியும் கொண்டுவந்து சேர்க்கும் நன்னீரும் வண்டலும் கலந்த அந்த நீரில் அவை வளர இயலா. பவள உயிரிகள் வேண்டுவது தெளிந்த நீர், மிதமான வெப்பம், நிறைந்த உப்பு, அடிவரை இறங்கும் கதிரொளி. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அவை வாடும். ஆகவே, பவளப்பாறைகளைப் பற்றிய ஒரு கட்டுரையைப் பழவேற்காட்டிலிருந்து தொடங்குவது வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், உலகத்துப் பவளப்பாறைகளை விண்ணிலிருந்து கண்டறிந்த வரலாற்றில் இந்த ஏரிக்கரைக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை இக்கரையில் வலைவீசி வாழும் மக்களே முழுமையாக அறியாதிருக்கிறார்கள் என்பதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் காலை 9.28 மணிக்கு, ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து ஒரு ராக்கெட் எழுந்தது. அது ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது என்று மறுநாள் செய்தித்தாள்கள் பெருமையோடு எழுதின. அவற்றுள் 88 கோள்கள் அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு உரியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து கிலோ எடையே உள்ளவை. கையில் ஏந்தக்கூடிய சிறு பெட்டிகள். அவற்றுக்கு அந்நிறுவனம் இட்ட பெயர் 'புறா'. அந்தப் புறாக்கூட்டத்தின் படங்களைக் கொண்டே பின்னாளில் உலகின் ஆழமற்ற கடற்பரப்பிலுள்ள பவளப்பாறைகள் அனைத்தும் வரைபடமாக்கப்பட்டன. அந்தக் கதைக்குப் பின்னர் வருவோம். அதற்கு முன், புறாக்கள் எழுந்த கரையை முதலில் அறிந்துகொள்வோம்.

கழியும் கரையும்

ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் கழி பழவேற்காடு. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து தங்கினர். அவர்களது காலத்து நினைவாக மகிமை மாதா திருத்தலம் இன்றும் நிற்கிறது. அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் நாகப்பட்டினத்துக்குத் தங்கள் தலைமையிடத்தை மாற்றும்வரை சோழமண்டலக் கரை வாணிபம் முழுவதையும் இங்கிருந்தே நடத்தினர். மலாய் நாட்டார் உடுத்தும் கைலிக்கு 'பெலிகாட்' என்ற பெயர் இவ்வூரிலிருந்தே சென்றது.

அக்காலத்தில் இக்கரை அறிந்திருந்த பவளம், மத்தியதரைக் கடலிலிருந்து கப்பலில் வந்த செம்பவளம். அதனை இறக்குமதி செய்து வைரத்தை ஏற்றுமதி செய்த யூத வணிகர்கள் சென்னையில் வாழ்ந்தனர். ஜார்ஜ் டவுனில் உள்ள பவளக்காரத் தெரு இன்றளவும் அந்த வாணிபத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாலையாகக் கோக்கப்படும் அந்தச் செம்பவளம் வேறு. கடலடியில் தீவையே எழுப்பும் பாறைப்பவளம் வேறு. முன்னதற்கு விலை மதிப்பு இருந்தது. பின்னதற்குச் சுண்ணாம்புக்கல் என்ற மதிப்பே நெடுங்காலம் இருந்தது. இந்த வேறுபாட்டின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

கோட்டைகளும் வணிகர்களும் மறைந்த பின்னும் மறையாதவர்கள் மீனவ மக்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்னும் முறை வழிவழியாக நடந்துவருகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய கழிநீரில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களை எவரும் தமக்கே உரியதாக்கிக்கொள்வதில்லை; இன்ன நாளில் இன்னாருக்கு இன்ன இடம் எனச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இம்முறைக்குள் இடம்பெறாத பிறருக்கு இதில் மனக்குறை உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும், நீரின் ஒவ்வொரு பகுதியையும் அதன் ஆழம், ஓட்டம், பருவம் ஆகியவற்றோடு அறிந்த மக்களால்தான் இத்தகைய பங்கீட்டைச் செய்ய முடியும். எந்த நில அளவைத் துறையும் வரையாத ஒரு வரைபடம் அவர்கள் நினைவில் இருக்கிறது.

மீனவர் விட்டுக்கொடுத்த மண்

இந்தியாவின் விண்வெளிப் பயணம் மீனவக் கிராமங்களிலிருந்தே தொடங்கியது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்னும் கடற்கரைச் சிற்றூரில் பூமியின் காந்த நடுக்கோடு செல்கிறது. மேல்வளி மண்டலத்தை ஆராய அதுவே தக்க இடம் என விக்ரம் சாராபாய் தேர்ந்தார். அங்கே புனித மரிய மகதலேனா ஆலயமும் ஆயர் இல்லமும் மீனவர் குடியிருப்புகளும் இருந்தன. அன்றைய ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா மக்களிடம் எடுத்துரைத்து இசைவு பெற்றுத் தந்தார். ஊர் இடம்பெயர்ந்தது; ஆலயம் விஞ்ஞானிகளின் அலுவலகமாயிற்று. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அந்த ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது.

செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தும் பெரிய ராக்கெட்டுகளுக்குக் கிழக்குக் கரை தேவைப்பட்டது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் கிழக்கு நோக்கி ஏவப்படும் கலத்துக்கு அச்சுழற்சியின் வேகம் துணையாகிறது. கழன்று விழும் பகுதிகளும் கடலில் விழுந்துவிடும். ஆகவே, ஸ்ரீஹரிகோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டது. அடர்ந்த காடும், காட்டை நம்பி வாழ்ந்த யானாதிப் பழங்குடியினரும், சிற்றூர்களும் அத்தீவில் இருந்தன. நிலம் கையகப்படுத்தப்பட்டபோது குடும்பங்கள் பெயர்ந்தன. 1971 அக்டோபரில் முதல் ஆய்வு ராக்கெட் அங்கிருந்து ஏவப்பட்டது. 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் நம் நாட்டு ராக்கெட்டே ரோகிணிக் கோளை விண்ணில் நிறுத்தியது. இன்றும் ராக்கெட் ஏவும் நாள்களில், அப்பகுதிக் கடலுக்குள் செல்ல வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வருகிறது. அந்த நாளின் வலை கரையிலேயே கிடக்கும்.

பாறையைத் தேடிய கண்கள்

பவளப்பாறையை மனிதன் முதலில் அறிந்தது கண்ணால் அன்று. பெரும்பாலும் கப்பலின் அடிப்பலகையால்தான். 1770ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜேம்ஸ் குக்கின் 'எண்டெவர்' கப்பல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத்தொடரில் இரவில் மோதி ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் சிக்கிக் கிடந்தது. சார்லஸ் டார்வின் 1842இல் வெளியிட்ட நூலில் கரையை ஒட்டியவை, கரையிலிருந்து விலகித் தடுப்பாக நிற்பவை, வளையமாக அமைந்தவை எனப் பாறைகளை மூவகையாகப் பிரித்து, அமிழும் தீவைச் சுற்றிப் பவளம் மேல்நோக்கி வளர்வதே வளையத்தின் காரணம் என்று விளக்கினார். கப்பல் தளத்திலிருந்தும் சில தீவுகளின் கரையிலிருந்தும் கண்டதைக் கொண்டு, உலகம் முழுவதற்கும் அவர் ஒரு படம் தீட்டினார். மேலிருந்து நோக்கினால் அந்த வளையம் எத்தனைத் தெளிவாகத் தெரியும் என்பதைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

நம் மன்னார் வளைகுடாவில், முத்தும் சங்கும் குளித்தவர்கள் கடலடிப் பாறைத்திட்டுகளைப் 'பார்' என்று அழைத்தனர். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. திசைகாட்டியும் வரைபடமும் இல்லாத தோணியிலிருந்து, கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் பனைமரக் கூட்டத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பாரின் இடத்தைக் கணித்தனர். 1887இல் எட்கர் தர்ஸ்டன் இராமேசுவரம் தீவுப்பகுதியின் கடல்வாழ் உயிர்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். நாடு விடுதலை பெற்றபின் மண்டபத்தில் இயங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் சி. எஸ். கோபிநாத பிள்ளை பவள இனங்களை நீரில் இறங்கி ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார். இவையெல்லாம் அருகிலிருந்து கண்ட அறிவு. ஆழமானது, ஆனால் சிறுகச் சிறுகச் சேர்வது.

1972ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்கா முதல் லேண்ட்சாட் கோளை ஏவியபோது நிலைமை மாறியது. அதன் படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 80 மீட்டர் அகலமுடைய நிலத்தைக் குறித்தது. அத்தனை மங்கலான பார்வைக்கும் புதியன புலப்பட்டன. இந்தியப் பெருங்கடலின் நடுவே சாகோஸ் தீவுக்கூட்டத்தில், கடற்படங்களில் அதுவரை இடம்பெறாத ஒரு பாறைத்திட்டு அப்படங்களில் தென்பட்டது. வரைபட வல்லுநர் கோல்வொகொரெசஸ் என்பாரின் பெயர் அதற்கு இடப்பட்டது. இரண்டு நூற்றாண்டுக் காலம் கப்பல்கள் சென்றுவந்த கடலில் எவர் கண்ணுக்கும் படாத ஒன்றை, கடலைத் தொடாத ஒரு கண் கண்டது.

நீரை ஊடுருவும் ஒளி

விண்ணிலிருந்து கடலடியைக் காண்பது எவ்வாறு இயலும்? கதிரவன் ஒளியில் உள்ள நிறங்களை நீர் ஒரே வகையாக உட்கொள்வதில்லை. அகச்சிவப்பு ஒளி நீரின் மேற்பரப்பிலேயே அடங்கிவிடுகிறது. சிவப்பு சில மீட்டர் ஆழத்திலேயே மறைகிறது. நீலமும் பச்சையும் தெளிந்த நீரில் நெடுந்தூரம் இறங்கி, அடிமணலிலோ பவளத்திலோ பட்டு மீண்டும் மேலெழுகின்றன. அவ்வாறு மீண்டுவரும் ஒளியைத்தான் கோளின் கருவி வாங்கிக்கொள்கிறது. வெண்மணல் பளிச்சென்றும், பாசியும் பவளமும் கருமையாகவும் தெரிகின்றன. ஆனால் மேகம் இருந்தால் படம் இல்லை. நீர் கலங்கினால் அடி தெரியாது. ஓதம் உயர்ந்திருந்தால் பாறை மறைந்துவிடும். வற்றமும் தெளிவும் கூடிய ஒரு நாளுக்காகக் காத்திருக்க வேண்டியுள்ளது. இதை மீனவரிடம் சொன்னால், "எங்களுக்கும் அப்படித்தான்" என்பார்கள்.

இந்தியாவின் முதல் தொலை உணர்வுக் கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ, 1988 மார்ச் 17ஆம் நாள் சோவியத் நாட்டின் பைகனூரிலிருந்து ஏவப்பட்டது. அதன் இணையான 1பி 1991இல் சென்றது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இத்தகைய கோளை அனுப்பும் முதல் முயற்சி 1993 செப்டம்பரில் தோல்வியுற்றது. ராக்கெட்டும் கோளும் வங்கக்கடலில் வீழ்ந்தன. மறு ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் முயற்சி வென்றது. துருவங்களின்மேல் சுற்றும் பாதைக்கு இக்கோள்கள் தெற்கு நோக்கிச் செல்ல வேண்டும். நேர்தெற்கே இலங்கை இருப்பதால், ராக்கெட் முதலில் தென்கிழக்கே சென்று கடல்மேல் வளைந்து திரும்புகிறது. 1999 மே மாதம், கடல்நீரின் நிறத்தையே ஆராயும் ஓஷன்சாட் கோளும் இங்கிருந்தே எழுந்தது.

இவ்வகைக் கோள்களின் படங்களைக் கொண்டு அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 1997இல் இந்தியாவின் பவளப்பாறை வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. கட்ச் வளைகுடா, இலட்சத்தீவுகள், அந்தமான் நிக்கோபார், மன்னார் வளைகுடா ஆகிய நான்கு பகுதிகளும் ஒரே அளவுகோலில் முதன்முறையாக ஒருங்கே தெரிந்தன. தமிழகத்துப் பாறைகளின் பரப்பு ஏறத்தாழ 94 சதுர கிலோமீட்டர் எனக் கணக்கிடப்பட்டது.

இங்கே கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. படத்தில் கரும்பச்சையாகத் தெரியும் ஒரு திட்டு உயிருள்ள பவளமா, இறந்த பவளத்தின்மேல் படர்ந்த பாசியா, கடற்புல்லா என்பதை விண்ணின் கண் தானாகச் சொல்லாது. அதனை அறிய ஒருவர் அங்கே செல்ல வேண்டும். நீரில் மூழ்கிப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். மூழ்குபவரை அங்கே கொண்டு சேர்ப்பது உள்ளூர்த் தோணி. நீர் எப்போது தெளியும், ஓட்டம் எப்போது அடங்கும் என்பதைச் சொல்பவர் அத்தோணிக்காரர். ஆய்வேடுகளின் ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் இடம்பெறுவது அரிது. ஆனால் அவர் இல்லாமல் அந்தப் படம் வெறும் நிறக்கோலம்.

படம் காட்டியதும் காட்டாததும்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகள் கல்லாக வெட்டி எடுக்கப்பட்டன. வீடு கட்டவும், சுண்ணாம்பு சுடவும், ஆலைகளின் மூலப்பொருளாகவும் பல்லாண்டுகள் பயன்பட்டன. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறைப்பவளம் சேர்க்கப்பட்டது 2001இல்தான். அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. அலையை முறித்துக் காத்த பாறை போனபின் மணல் எவ்வாறு நிற்கும்? தூத்துக்குடி அருகேயுள்ள வான் தீவு ஆண்டுதோறும் தேய்ந்துவந்ததைச் செயற்கைக்கோள் படங்களை வரிசையாக வைத்தால் எவரும் காணலாம்.

கல் எடுப்பதை நிறுத்தலாம்; வெப்பத்தை என் செய்வது? பவள உயிரியின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, கதிரொளியில் உணவாக்கி அதற்கு ஊட்டுகின்றன. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட நீர் ஒரு பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடாகிச் சில வாரங்கள் நீடித்தால், பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெண்மையாகிறது. வெப்பம் தணிந்தால் மீளும், தணியாவிடில் மடியும். 1998இலும் 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடா இவ்வாறு வெளுத்தது. உலகெங்கும் நான்காம் முறையாக இவ்வெளுப்பு பரவியிருப்பது 2024 ஏப்ரலில் உறுதிசெய்யப்பட்டது. கடல்மேற்பரப்பின் வெப்பத்தைக் கோள்கள் அளப்பதால் வெளுப்பு வருமுன்னரே எச்சரிக்க முடிகிறது. ஐதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அத்தகைய எச்சரிக்கையை வழங்குகிறது. நோயாளியின் உடல்வெப்பத்தை நாள்தோறும் குறித்துவைக்கிறோம். மருந்து இன்னும் நம் கையில் இல்லை.

இனிப் புறாக்களின் கதை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2017இல் சென்ற 88 கோள்களோடு அக்கூட்டம் பெருகி, உலகின் நிலப்பரப்பு முழுவதையும் நாள்தோறும் படமெடுக்கும் ஆற்றல் பெற்றது. லேண்ட்சாட்டின் 80 மீட்டர்ப் புள்ளி, இங்கே மூன்று நான்கு மீட்டராகச் சுருங்கியது. ஒரு தோணியின் நீளத்தைவிடவும் சிறிது. மைக்ரோசாப்ட் நிறுவனர்களுள் ஒருவரான பால் ஆலனின் பெயரால் அமைந்த பவளப்பாறை வரைபடத் திட்டம் இப்படங்களைப் பயன்படுத்தி, 2021இல் உலகின் ஆழமற்ற வெப்பக்கடல் பாறைகள் அனைத்தையும் வரைந்து முடித்தது. அதற்கும் பல நாடுகளின் ஆய்வுக்குழுக்கள் நீரில் இறங்கிச் சரிபார்த்த சான்றுகள் தேவைப்பட்டன. எவரும் விலையின்றிக் காணும் வகையில் அது வெளியிடப்பட்டுள்ளது.

மீண்டும் கரைக்கு

இவ்வளவும் பார்க்கும் கண்களுக்கு, அவை எழுந்த கரையே ஒவ்வொரு சுற்றிலும் கீழே தெரிகிறது. பழவேற்காட்டு முகத்துவாரம் மணல்மூடி அடைபடுவதும், இடம் மாறுவதும், மழைவெள்ளத்தில் திறப்பதும் அப்படங்களில் பதிவாகியுள்ளன. முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீர் வராது. கடல்நீர் வராவிடில் இறால் குஞ்சு வராது. ஏரியின் மேற்குப் பகுதி வறண்டு உப்புப் பாலையாகும். தெற்கே எண்ணூரில் 2001இலும், பின்னர்க் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் அமைந்தபின் கரை அரிப்பைப் பற்றிய அச்சம் இவ்வூர்களில் வளர்ந்துள்ளது. இதனையெல்லாம் அறிய இங்குள்ள மக்களுக்குச் செயற்கைக்கோள் தேவையில்லை; தோணி தரைதட்டும் இடம் ஆண்டுக்காண்டு மாறுவதே அவர்களுக்குச் சான்று. ஆனால் அவர்கள் சொல்வதை அலுவலகங்கள் ஏற்க வேண்டுமாயின் படம் தேவைப்படுகிறது. படத்தைப் பிறர் நம்ப வேண்டுமாயின் நீரை அறிந்தவரின் சொல் தேவைப்படுகிறது. ஒன்று மற்றொன்றைத் தாழ்த்துவதற்கில்லை. இரண்டும் ஒரே கடலை இரு உயரங்களிலிருந்து காண்பவை.

விண்ணின் அறிவு கரைக்கு வந்ததே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் கொண்டு மீன் கூடும் இடங்களைக் கணித்து, மேற்சொன்ன ஐதராபாத் மையம் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. புயல் எச்சரிக்கையால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பல. ஆயினும் அவை பெரும்பாலும் மேலிருந்து கீழே அனுப்பப்படும் செய்திகள். பாடு முறையில் நீரைப் பங்கிட்டவரின் அறிவு கீழிருந்து மேலே செல்ல இன்னும் வழி அமையவில்லை. ஏரியின் படங்களை ஊர்க்கூட்டத்தில் விரித்து வைத்து, "இவ்விடத்தில் முன்னர் ஆழம் என்ன? மணல் எந்த ஆண்டில் சேர்ந்தது?" என்று முதியோரைக் கேட்டுக் குறித்துக்கொள்வதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. ஏரிக்கரைப் பள்ளிகளின் மாணவர்களே அதனைச் செய்யலாம். மன்னார் வளைகுடாவில் தோணிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு பாறைகளைச் சரிபார்ப்பதும் அவ்வாறே.

திருவிவிலத்தில் நோவா பேழையிலிருந்து புறாவை அனுப்பிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். வெள்ளம் வடிந்ததா என்று காண அனுப்பப்பட்ட அது, ஒலிவக் கிளையின் இலையோடு மாலையில் திரும்பி வந்தது. அனுப்பியவரிடமே திரும்பி வந்ததால்தான் அந்தச் செய்திக்குப் பொருள் உண்டாயிற்று. பேழைக்குள் இருந்தவர்கள் அதனால் வழி அறிந்தனர். ஏரிக்கரையிலிருந்து எழுந்த 88 புறாக்களும் தொலைதூரக் கடல்களின் பவளப்பாறைகளைக் கண்டு சொல்லிவிட்டன. அவை எழுந்த நாளில் இங்கே தோணிகள் கரையில் காத்திருந்தன. அத்தோணிகளுக்கு உரிய செய்தி இன்னும் வந்துசேர வேண்டியிருக்கிறது.